எட்டுத் துளைகள்

மரத்தூள் சுவாசிக்கும் ஊர் தும்யாத்.
பிள்ளை இல்லாதவளை இங்கே யாரும்
மலடி என்று சொல்வதில்லை, நாகரிகமான ஊர்.
'உம் காயெப்' என்பார்கள்:
இன்னும் வந்து சேராதவனின் அம்மா.
தக்காளிக்காரர் மீதிச் சில்லறை தரும்போதும்
பல் டாக்டர் வாசலில் என் முறை வரும்போதும்
அதுதான் பெயர்.
ஏழு வருடம்
கொட்டாவியை அடக்குவதுபோல
வாய்மூடி வாங்கிக்கொண்டேன்.

மாதவிலக்கு எனக்கு
மின்கணக்கெடுக்க வரும் ஆளைப்போல.
மார்ச்சில் ஒருமுறை,
பிறகு ஆகஸ்ட் கடைசியில்,
எப்போது வருவான் என்று அவன் அலுவலகத்துக்கே தெரியாது.
ஸ்கேன் எடுத்தவர் முத்துமாலை என்றார்,
சினைப்பையின் ஓரம் முழுக்கக் கோத்த நீர்க்கட்டிகளை.
நகைக்கடையில் கேட்டிருந்தால்
சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆறு சுற்று மாத்திரை.
ஒரு முட்டையும் அசையவில்லை.

டாக்டர் நக்லா மருந்துச்சீட்டின் பின்புறம்
ஒரு வாதுமைக்கொட்டை வரைந்தார்.
தொப்புள் வழியாகக் கேமரா, பக்கத்தில் சின்ன வெட்டு,
சூடான ஊசி, ஒரு சினைப்பைக்கு நாலு துளை.
நாற்காலிக்கால் கடைகிற என் கணவன் ஷவ்கி
நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு கேட்டான்:
"எத்தனை மில்லிமீட்டர் பிட்?"
எனக்கு மேசைக்கடியில் ஒளியலாம் போலிருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
"பிட் இல்லை. சூடு. துளைக்கு நாலு நொடி."
"நாலு துளை போதுமா?"
"கூடப் போட்டால் மரமே செத்துப்போகும்."
அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.
மரம் செத்த கதை அவனுக்குத் தெரியும்.

கண்விழித்தபோது
வயிறு அல்ல, வலது தோள்தான் வலித்தது.
யாரோ ஆணியடித்துச்
சட்டை மாட்டிவிட்டுப் போனதுபோல.
"வயிற்றை ஊதவைத்த வாயு மிச்சமிருக்கும்,
மேலே ஏறித் தோளில் குத்தும்,
எழுந்து நடங்கள்" என்றாள் நர்ஸ்.
நள்ளிரவு வராந்தாவில் நடந்தேன்.
சிறுநீர்ப்பையைத் திருவிழா விளக்குபோல
தூக்கிப் பிடித்தபடி ஷவ்கி பக்கத்தில்.
அந்தத் தோளில்தான்
பால் குடித்ததைச் சாய்த்து முதுகில் தட்டுவார்கள்.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
"வலி எங்கே?" என்றான்.
"சும்மா, இங்கே" என்றேன்.

ஒரு பென்டிரைவில் படம் தந்தார்கள்.
பட்டறையில் ரம்பத்தை நிறுத்திவிட்டு மூன்று முறை பார்த்தான்:
அவித்த முட்டையின் வெள்ளைபோல் ஏதோ ஒன்று,
தொடுகிற ஊசி,
ஓர் இழை புகை,
கரிய புள்ளி.
பிறகு இன்னொன்று.
"சுத்தமான வேலை" என்றான்.
சொந்தத் தம்பி செய்த அலமாரிக்கும்
அவன் அதைச் சொன்னதில்லை.

முப்பத்துநாலாம் நாள்.
ஷோரூமில் பெங்காசிக்குப் போகிற
பன்னிரண்டு கட்டில்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
அடிவயிற்றில் பழைய பிசைவு.
கழிப்பறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன்.
சிவப்பு.
மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், தானாக.
பிள்ளைக்குக் காத்திருக்கிற பெண்கள்
இதைப் பார்த்துத்தான் மாதாமாதம் அழுவார்கள்.
நான் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டு
சத்தம் வெளியே போகாமல் சிரித்தேன்.

போனில் "வந்துவிட்டது" என்றேன்.
அவன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.
"யார்?"
அந்த ஒரு சொல்லில் ஏழு வருடம் இருந்தது.
"இல்லை ஷவ்கி, இரத்தம்."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு மெதுவாக, எண்ணிக்கொண்டே,
"சரியான நாளிலா?"

சாயங்காலம் அரைக்கிலோ முஷப்பக் வாங்கி வந்தான்.
எதற்கென்று இனிப்புக்காரர் கேட்டாராம்.
சொல்லத் தெரியவில்லை,
அதனால் இன்னும் கால்கிலோ வாங்கினானாம்.

பாகு ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு
காதில் சொருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தான்.
நாள்காட்டியில் இன்றைக்கு ஒரு கோடு.
அங்கிருந்து இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு,
அளவுநாடா நீட்டுவதுபோல
கட்டைவிரல் நகர்ந்துகொண்டே போனது.
பென்சில் முனை காகிதத்தைத் தொடும்போது சொன்னேன்:
"அழுத்திப் போடாதே."